சீசாவில் ஒளிநிழல் பாடம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், பழைய மதிலுக்கு வெளியே மேற்குப் பக்கமாக விரியும் சீசா வட்டாரத்தில் ஒளிப்படம் கற்க வருபவர்களுக்கு இரண்டு கட்டடங்கள் முக்கியம். ஒன்று, 12-ஆம் நூற்றாண்டில் நார்மன் அரசர்கள் கட்டிய கோடை மாளிகை. மற்றது, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேசை நாற்காலிகள் செய்த ஒரு பெரிய தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையின் கொட்டகைகளில்தான் இப்போது நுண்கலைக் கழகத்தின் வகுப்புகள், ஆவணப்படம் கற்றுத்தரும் திரைப்படப் பள்ளி, 2017-இல் திறக்கப்பட்ட சர்வதேச ஒளிப்பட மையம் எல்லாம் இயங்குகின்றன. மாளிகைக்கும் கொட்டகைகளுக்கும் நடந்தே போய்விடலாம். பலெர்மோவின் ஒளிப்படம் என்றதும் உலகம் நினைவுகூர்வது ஆழ்ந்த கறுப்பும் கூசும் வெள்ளையும் கொண்ட படங்களை. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி ஒரு மாலைப் பத்திரிகையின் அலுவலகத்தில் இருந்தது.

மாளிகையின் வேலையை 1165 வாக்கில் முதலாம் வில்லியம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட, மகன் இரண்டாம் வில்லியம் கட்டி முடித்தார். அரசர்கள் நார்மன் கிறிஸ்தவர்கள். கட்டட அறிவு அரபு மரபினது. சுமார் 36 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 25 மீட்டர் உயரம் கொண்ட பெட்டி போன்ற கல் கட்டடம் அது. சிசிலியின் நீண்ட கோடையில் வெயிலை வெளியே நிறுத்தி, கடற்காற்றை மட்டும் உள்ளே விடுவது அதன் நோக்கம். தடித்த சுவர்கள், சிறிய சன்னல்கள், உள்ளே காற்று ஏறி இறங்கும் குழாய்கள், காற்றைக் குளிர்விக்க ஓடும் நீர் என்று எல்லாமே அந்த ஒரே நோக்கத்துக்காக அமைந்தவை. ஒளிப்படத்துக்கு அது பயன்படும் என்று யாரும் அன்று எண்ணியிருக்க முடியாது. ஆனால் வெப்பத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடே வெளிச்சத்தைப் படிப்படியாக வடிகட்டும் ஏற்பாடாகவும் ஆனது.

முகப்பு கடலைப் பார்த்தது. சுவர் முழுவதும் திறப்பில்லாத வளைவுகள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சில விரற்கடை ஆழத்துக்கு மட்டும் உள்வாங்கிச் செதுக்கப்பட்டிருக்கின்றன. காலையில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது அந்த ஆழம் தெரியாது. மஞ்சள் கல் சுவர் காகிதம் போல் தட்டையாகக் கிடக்கும். சூரியன் மேலே ஏற ஏற, கதிர்கள் சுவரை உரசியபடி இறங்கும். அப்போது ஒவ்வொரு வளைவின் விளிம்பும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். பிற்பகலில் முகப்பு முழுவதும் நிழலுக்குள் போய்விடும்; கோடுகள் மறைந்து சாம்பல் நிறத்தின் மெல்லிய வேறுபாடுகள் மட்டும் மிஞ்சும். பொருளின் வடிவத்தைப் படத்தில் காட்டுவது வெளிச்சத்தின் அளவைவிட அது வரும் கோணம்தான் என்று பாடநூல்கள் சொல்வதை, இந்தச் சுவரின் முன் அரை நாள் நின்றாலே கண்டுகொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் வருவது நீரூற்றுக் கூடம். எதிர்ச் சுவரில் ஒரு மாடம்; அதன் மேற்கூரையில் தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் சிறு குழிவுகள். ஒவ்வொரு குழிவுக்கும் தனித்தனியே ஒரு வெளிச்ச முனையும் ஒரு இருட்டு முனையும் இடையில் அரைச்சாயலும் உண்டு. கீழே, சுவரிலிருந்து வரும் நீர் சாய்வான பளிங்குப் பலகையின் வரிகளில் சிதறி, தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே வாசலைத் தாண்டி வெளியே இருந்த குளத்தில் சேரும்படி அமைத்திருந்தார்கள். வெளிச்சம் வரும் வழியும் நீர் போகும் வழியும் ஒன்றுதான்: முன்வாசல்.

இந்தக் கூடத்துக்குள் நின்று வாசலைப் பார்த்துப் படம் எடுப்பவருக்குச் சிக்கல் உடனே தொடங்கும். ஐஎஸ்ஓ 400 ஃபிலிமில், வெளியே உச்சி வெயிலுக்கு அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு என்று வைத்தால் போதும். உள்ளே, மாடத்தின் நிழலுக்கு எஃப் 2.8-உம் 30-இல் ஒரு பங்கும் தேவைப்படலாம். வித்தியாசம் 9 ஸ்டாப். அதாவது வெளிச்சத்தில் ஏறத்தாழ 500 மடங்கு. நல்ல கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இந்த வீச்சைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் பளபளப்பான பிரிண்ட் தாளில் மிகக் கறுப்பான இடத்துக்கும் மிக வெள்ளையான இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 100 மடங்குதான். செய்தித்தாளில் அது 10 மடங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வாசலைக் காட்டினால் மாடம் இருட்டில் மூழ்கும். மாடத்தைக் காட்டினால் வாசல் வெள்ளையாக வெந்துபோகும். ஒளிநிழல் பாடத்தின் சாரம் இந்த விட்டுக்கொடுத்தலை யார், எதற்காக முடிவு செய்கிறார்கள் என்பதுதான். மற்றவை எல்லாம் கணக்கு.

கூடத்தின் வாசல் வளைவில் பிற்காலத்தில் தீட்டிய புராண உருவங்களைப் பலெர்மோவாசிகள் சீசாவின் பிசாசுகள் என்கிறார்கள். அவற்றை எத்தனை முறை எண்ணினாலும் ஒரே எண்ணிக்கை வராது என்பது ஊர் நம்பிக்கை. சில உருவங்கள் அரைகுறையாகத் தெரிவதால், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்பதில் கணக்கு மாறுகிறது. அண்ணாந்து எண்ணுகிறவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

மாளிகை பல கை மாறியது. 17-ஆம் நூற்றாண்டில் சாந்தோவால் குடும்பம் வாங்கி உள்ளே படிக்கட்டும் அறைகளும் போட்டுத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. 1951-இல் அது பொதுச் சொத்தானது. பராமரிப்பில்லாமல் கிடந்ததில் 1971-இல் வடக்குப் பகுதி இடிந்து விழுந்தது. கட்டடக் கலைஞர் ஜுசெப்பே கரோனியாவின் மேற்பார்வையில் சீரமைத்து 1991-இல் திறந்தார்கள். 2015-இல் பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது சீசாவும் அதில் இடம்பெற்றது.

பலெர்மோவின் ஒளியை முதன்முதலில் உலகத்தரமாகப் படமாக்கியவர் வெளியூர்க்காரர். 1860 மே 27 அன்று, இத்தாலியை ஒன்றிணைக்கப் போரிட்ட கரிபால்டியின் படை நகருக்குள் நுழைந்தது. அடுத்த மாதம், நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமாவின் படகில் வந்து இறங்கினார் பாரிஸ் ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே. கரிபால்டியின் உருவப்படத்தையும், குண்டுவீச்சில் சிதைந்த வீடுகளையும், தொலேதோ தெருவில் கற்களை அடுக்கி எழுப்பிய தடுப்பரண்களையும் அவர் எடுத்தார். அந்தப் படங்களில் வானம் வெறுமையாக இருக்கிறது. அவர் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மட்டுமே அதிகமாக எதிர்வினை காட்டும். அதனால் நீல வானம் தகட்டில் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெற்று வெள்ளையாகிவிடும். மஞ்சள் கல்லோ உண்மையில் இருப்பதைவிடக் கறுத்துப்போகும். போதாததற்கு, தகடு காய்வதற்குள் பூசி, எடுத்து, கழுவி முடிக்க வேண்டும். சிசிலியின் ஜூன் வெயிலில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான்.

இந்தக் குறையை லெ கிரே போல் அறிந்தவர் அன்று வேறு யாருமில்லை. 1850-களின் நடுவில் அவர் எடுத்த கடற்காட்சிகளில், கடலுக்கு ஒரு நெகட்டிவும் மேகத்துக்கு ஒரு நெகட்டிவும் தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டுப் புகழ்பெற்றவர் அவர். நல்ல ஆசிரியரும்கூட. ஆன்றி லெ செக், ஷார்ல் நெக்ர், எகிப்தைப் படமாக்கிய மாக்சிம் து காம் ஆகியோர் அவரிடம் கற்றவர்கள். பலெர்மோவில் அவர் அந்தத் தந்திரத்தை நாடவில்லை. இடிந்த தெருவுக்கு மேல் இருந்த வெள்ளை வெறுமையை அப்படியே விட்டுவிட்டார். விட்டதும் நல்லதாயிற்று, அந்தத் தெருக்களில் மனித நடமாட்டம் நின்றுபோனதைப் படம் பார்ப்பவர் அந்த வானத்திலிருந்தே உணர்கிறார். பிற்பாடு கெய்ரோவுக்குப் போய்ச் சித்திரம் கற்றுத்தரும் ஆசிரியராக இருந்து 1884-இல் இறந்தார்.

இதே வானச் சிக்கல் தமிழ்நாட்டிலும் இருந்தது. லெ கிரே 1851-இல் அறிவித்த மெழுகுக் காகித நெகட்டிவ் முறையில் தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், வெப்ப நாடுகளில் வேலை செய்தவர்களுக்கு அது வசதியாயிற்று. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றிய லின்னேயஸ் டிரைப் கோயில்கள் பலவற்றைக் காகித நெகட்டிவில் எடுத்தார். வெற்று வானம் அவருக்குப் பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேலேயே வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்தார். மதுரைக் கோபுரங்களுக்குப் பின்னால் அவர் படங்களில் தெரியும் சில மேகங்கள் தூரிகையால் வந்தவை.

வானத்துக்கு விடுதலை கிடைத்தது வேதியியலால். 1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் ஃபோகல், உப்புக் கலவையில் சாயம் சேர்த்தால் தகடு பச்சை ஒளியையும் பதிக்கும் என்று கண்டுபிடித்தார். 1906-இல் எல்லா நிறங்களையும் பதிக்கும் தகடுகள் விற்பனைக்கு வந்தன. அதன்பின் மஞ்சள் கல்லும் நீல வானமும் கொண்ட சீசா போன்ற இடத்தில் ஒளிப்படக்காரர் விரும்பியபடி சாயலைத் திருப்பிப்போட முடிந்தது. ஆரஞ்சு ஃபில்டர் மாட்டினால் கல் வெளுத்து வானம் கறுக்கும். நீல ஃபில்டர் மாட்டினால் லெ கிரேயின் உலகம் திரும்பி வரும். சிசிலியின் எழுத்தாளர்களுக்கும் இந்த வித்தையில் ஈடுபாடு இருந்தது. லூயிஜி கபுவானா கேமராவில் ஊறியவர். அவருடைய நண்பர் ஜொவான்னி வெர்கா எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1966-இல் கத்தானியாவில் கிடைத்தன. பெரும்பாலும் குடும்பத்தினரும் வேலையாட்களும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படங்கள் அவை.

ஒளிநிழலைப் பள்ளியில் கற்பிப்பதற்கென்று ஒரு முறை பிறந்தது அமெரிக்காவில். 1940-ஐ ஒட்டி, லாஸ் ஏஞ்சலஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் மாணவர்களுக்காக மண்டல முறையை வகுத்தார்கள். முழுக் கறுப்பை 0 என்றும் தாளின் வெள்ளையை 10 என்றும் வைத்து, இடையில் உள்ள சாயல்களை ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிரிப்பது அது. நடுச்சாம்பல் 5. வெளுத்த தோல் 6. விவரம் தெரிய வேண்டிய நிழல் 3. நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்துக்கு டெவலப் செய் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அசையாத மலையையும் ஏரியையும் எடுப்பவருக்கு அருமையான முறை. ஒவ்வொரு காட்சிக்கும் தனித் தகடு, தனி டெவலப்பிங் நேரம் என்று அவர்களால் ஒதுக்க முடிந்தது. பலெர்மோவில் இந்த ஆடம்பரத்துக்கு இடமிருக்கவில்லை. 36 காட்சிகள் ஒரே சுருளில், வெவ்வேறு வெளிச்சத்தில், ஒரே தொட்டியில் கழுவ வேண்டிய தெரு ஒளிப்படம்தான் அங்கே வளர்ந்தது.

அதன் முன்னோடி 1924-இல் பலெர்மோவில் பிறந்த என்ஸோ செல்லேரியோ. 1955-இல் சமூகப் போராளி தனிலோ தோல்ச்சி வேலை செய்த வறிய கிராமங்களுக்குப் போய் ஒரு படத்தொடர் எடுத்தார். 1960-இல் பலெர்மோவின் கல்சா பகுதியில் அவர் எடுத்த படத்தில், சிறுவர்கள் பொம்மைத் துப்பாக்கிகளை நீட்டிச் சுவரோரம் நிற்கும் இன்னொரு சிறுவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றி விளையாடுகிறார்கள். செல்லேரியோவின் சாயல் மென்மையானது. சாம்பல் நிறங்களுக்கு அவர் நிறைய இடம் விடுவார். வறுமையைக் கறுப்பாக்கி மிரட்ட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. 1969-இல் மனைவி எல்விராவுடன் சேர்ந்து தொடங்கிய செல்லேரியோ பதிப்பகம் இத்தாலியின் பெயர்பெற்ற பதிப்பகங்களில் ஒன்றாக வளர்ந்தது.

அவருக்கு நேர் எதிர் ஃபெர்தினாந்தோ ஷன்னா. 1943-இல், பலெர்மோவுக்குக் கிழக்கே உள்ள பகேரியா என்ற சிற்றூரில் பிறந்தவர். பலெர்மோ பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் தத்துவமும் படிக்கச் சேர்ந்து, படிப்பைவிடக் கேமராவில் அதிகம் மூழ்கினார். மாணவப் பருவத்தில் ஊர் ஊராகப் போய் எடுத்த திருவிழாப் படங்கள், எழுத்தாளர் லெயோனார்தோ ஷாஷாவின் கட்டுரையுடன் 1965-இல் சிசிலியின் சமயத் திருவிழாக்களைப் பற்றிய நூலாக வந்தபோது அவருக்கு வயது 22. அது மாணவர் ஒருவரின் வேலை என்பதை இன்று பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டே நூலுக்கு நாதார் பரிசு கிடைத்தது. வெள்ளை அங்கியணிந்த பக்தர்கள், கறுப்பு முக்காடிட்ட பெண்கள், மதிய வெயிலில் வெளுத்த சுவர்கள் என்று அந்தத் திருவிழாக்களே கறுப்பு வெள்ளையில் உடுத்தியவை. வெயில் தன் கவனத்தை ஈர்ப்பதே அது நிழலை உண்டாக்குவதால்தான் என்ற பொருளில் ஷன்னா பலமுறை பேசியிருக்கிறார். வடக்கு ஐரோப்பியர் ஒருவர் நிழலில் குளிரைக் காண்பார்; சிசிலியர் அங்கே ஒதுங்குமிடத்தைக் காண்பார். ஷன்னாவின் படங்களில் நிழல் காலியிடமல்ல, ஆட்கள் குடியிருக்கும் இடம். பின்னாளில் மாக்னம் ஒளிப்பட நிறுவனத்தில் சேர்ந்த முதல் இத்தாலியர் அவர்.

அதே பகேரியாவில் ஒரு குரு-சீட உறவும் இருந்தது. திரையரங்கில் படம் ஓட்டுபவராகவும் ஒளிப்படக்காரராகவும் இருந்த மிம்மோ பின்தாகூதாவிடம் கேமராவைக் கற்றுக்கொண்டார் ஜுசெப்பே தோர்னாத்தோரே. அந்தச் சீடர் 1988-இல் எடுத்த சினிமா பாரடிசோவில் வரும் ஆல்ஃபிரெதோ பாத்திரம் இந்தக் குருவின் சாயலில் உருவானது.

பலெர்மோவின் கறுப்பைக் கரவாஜ்ஜோவின் வாரிசு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இருட்டின் நடுவே ஒற்றை விளக்கு விழுந்ததுபோல் வரைந்த அந்த ஓவியர் 1608-09-இல் சிசிலியில் தங்கியவர்தான். பலெர்மோவின் சான் லொரென்ஸோ வழிபாட்டுக் கூடத்தில் தொங்கிய அவருடைய கிறிஸ்து பிறப்பு ஓவியம் 1969 அக்டோபரில் திருடுபோய், இன்றுவரை கிடைக்கவில்லை என்பதும் கதைக்குச் சுவை கூட்டுகிறது. ஆனாலும் இந்த வாரிசுரிமை மிகச் சுலபமாகச் சொல்லப்படுவது. பத்திரிகை ஒளிப்படக்காரர்களின் கறுப்புக்கு அதைவிட நேரடியான காரணங்கள் இருந்தன: ஃபிளாஷ், மலிவான செய்தித்தாள், அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நேரம்.

லோரா என்ற அந்த மாலைப் பத்திரிகை 1900-இல் பலெர்மோவின் பெருவணிகர்களான ஃபுளோரியோ குடும்பத்தால் தொடங்கப்பட்டது. அதே காலத்தில் அதே குடும்பத்துக்காக எர்னெஸ்தோ பசீலே வடிவமைத்த வில்லா இஜேயா மாளிகைக்கு மேசை நாற்காலி செய்தது, பிற்பாடு சீசாவில் பரந்து விரிந்த தூக்ரோ தொழிற்சாலை. ஆக, இந்த வரலாற்றின் இரு கிளைகளுக்கும் வேர் ஒரே செல்வச் செழிப்பில் இருக்கிறது. செழிப்பு போனது, பத்திரிகை நிறம் மாறியது. 1954-இல் ஆசிரியரான வித்தோரியோ நிஸ்திகோவின் கீழ் லோரா இடதுசாரிப் பத்திரிகையாகி மாஃபியாவைப் பெயர் சொல்லி எழுதத் தொடங்கியது. 1958-இல் அதன் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. அதன் நிருபர் மவுரோ தே மவுரோ 1970-இல் கடத்தப்பட்டு, திரும்பி வரவே இல்லை.

1935-இல் பலெர்மோவில் பிறந்த லெட்டீசியா பத்தாலியா முதலில் இந்தப் பத்திரிகைக்கு எழுதினார். கேமராவை எடுத்தபோது முப்பதைத் தாண்டி நெடுநாளாகியிருந்தது. சில ஆண்டுகள் மிலானில் இருந்துவிட்டு 1974-இல் திரும்பி வந்து லோராவின் ஒளிப்படப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். ஒளிப்படக்காரர் ஃபிராங்கோ செக்கினும் அவரும் சேர்ந்து ஒளிப்படச் செய்தி நிறுவனம் ஒன்றை அமைத்தார்கள். அடுத்த 18 ஆண்டுகள், கொலை நடந்தது என்று தகவல் வந்தால் ஓடுவது அவர்கள் வேலை. ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கொலைகளும் உண்டு.

இந்த வேலை நிலைமையே சாயலைத் தீர்மானித்தது. இரவில் தெருவிளக்கு போதாது. கேமராவின் மேல் மாட்டிய ஃபிளாஷ் முன்னால் இருப்பதை வெளுக்கவைத்து, பின்னால் இருப்பதை இருட்டில் தள்ளும். கூட்டத்துக்குள் நெருங்கி நிற்க வேண்டியிருந்ததால் அகலக்கோண லென்ஸ். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், ஒரு மீட்டரில் இருப்பவர் முகம் வெள்ளை. இரண்டு மீட்டரில் இருப்பவர் முகத்தில் அதில் கால்பங்குதான். நான்கு மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. அலுவலகத்துக்கு வந்ததும் டார்க் ரூமில் அவசரமாகக் கழுவி, கடினமான கிரேடு தாளில் பிரிண்ட் போட வேண்டும். செய்தித்தாள் மையை உறிஞ்சி, நடுச்சாம்பல்களைக் கலங்கலாக்கிவிடும் என்பதால் மெல்லிய சாயல்கள் அச்சில் எப்படியும் தங்காது. கறுப்பாகவும் வெள்ளையாகவும் கொடுத்ததுதான் மறுநாள் வாசகர் கையில் படமாக நின்றது. அழகியல் என்று பின்னால் பெயரிட்டவற்றில் பாதி இப்படிப் பிழைப்பின் நிர்ப்பந்தத்தில் உருவானது.

மற்றப் பாதி அவருடைய தேர்வு. அதைப் பார்க்கக் கொலைப் படங்களைவிட வேறு இரண்டு படங்கள் நல்லவை. 1980-இல் பலெர்மோவின் காலா பகுதியில் எடுத்தது ஒன்று: பந்து வைத்திருக்கும் ஒரு சிறுமி பழைய மரக்கதவில் சாய்ந்து, கையைத் தலைக்குப் பின்னால் வைத்தபடி கேமராவை முறைக்கிறாள். இங்கே ஃபிளாஷ் இல்லை, பகல் வெளிச்சம். கதவின் கறுப்பு ஒரே சீரானதல்ல. தேய்ந்த மரத்தின் வரிகள் அதில் தெரிகின்றன. அந்தக் கறுப்பின் மேல் முகமும் கையும் மட்டும் வெளிச்சமாக எழுகின்றன. இரண்டாவது, 1992 மே 23 அன்று நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயுடன் மாஃபியாவின் குண்டுவெடிப்பில் இறந்த காவலர் வீட்டோ ஸ்கிஃபானியின் மனைவி ரொசாரியாவின் உருவப்படம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிறது. முகத்தில் ஒரு பாதி தெளிவாக இருக்கிறது. மறுபாதி முழுக் கறுப்பு. கண்கள் மூடியிருக்கின்றன. ஸ்டுடியோக்காரர் எவரும் மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணியையோ தெர்மாகோல் பலகையையோ பிடித்து நிழலைத் தூக்கிவிட்டிருப்பார், அதுதான் இலக்கணம். இங்கே தூக்கவில்லை. மண்டல முறையின்படி 3-இல் நிறுத்த வேண்டிய நிழலை 0-க்கு விட்டதில்தான் படத்தின் முழுப் பொருளும் இருக்கிறது.

அதே 1992-இல், ஃபல்கோனே கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, லோரா மூடப்பட்டது. பத்தாலியா 1985-இலேயே நியூயார்க்கின் யூஜீன் ஸ்மித் நிதிப் பரிசைப் பெற்றிருந்தார். நகரசபையிலும் சிசிலியின் மாநிலப் பேரவையிலும் உறுப்பினராக இருந்தார். ஆனால் அவர் நெடுநாளாக விரும்பியது பலெர்மோவுக்கு ஒரு நிலையான ஒளிப்பட வீடு. எழுபதுகளிலேயே அவருடைய நிறுவனத்தின் அறைகள் இளைஞர்கள் வந்து கற்கும் இடமாகவும் இருந்தன. யோசெஃப் கூதெல்கா, ஷன்னா போன்ற ஒளிப்படக்காரர்கள் அங்கே வந்துபோனார்கள். அவருடைய மகள் ஷோபாவும் ஒளிப்படக்காரரானார். பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிறவர்களோடு கூடப் போய்க் கற்பதுதான்.

வீடு கிடைத்த இடம் தூக்ரோ தொழிற்சாலை. பசீலேயின் வரைபடங்களில் இத்தாலிய நாடாளுமன்ற அரங்குக்கும் பயணக் கப்பல்களுக்கும் மரவேலை செய்த அந்தப் பெரும் ஆலை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் படிப்படியாக நொடித்து மூடப்பட்டது. 1990-களின் நடுவில், மேயர் லெயோலூக்கா ஒர்லாந்தோ காலத்தில், மாநகராட்சி அதைக் கையகப்படுத்திக் காந்தியேரி குல்துராலி என்ற பண்பாட்டு வளாகமாகத் திறந்தது. இடையில் பல ஆண்டுகள் பூட்டியும் கிடந்தது. ஜெர்மன், பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையங்கள், ஆவணப்பட மேதை வித்தோரியோ தே சேத்தாவின் பெயரில் ஒரு திரையரங்கு, பழைய விமான உதிரிபாகக் கொட்டகையில் சமகாலக் கலைக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் குடியேறின. 2017-இல் சர்வதேச ஒளிப்பட மையம் திறந்தபோது பத்தாலியாவுக்கு வயது 82. இறக்கும்வரை அவரே இயக்குநர். கண்காட்சி, பயிற்சி, பலெர்மோவை எடுத்தவர்களின் படங்களைச் சேர்த்து வைக்கும் காப்பகம் என்ற மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது அவருடைய திட்டம். 2022 ஏப்ரல் 13 அன்று அவர் இறந்த பின் மையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

தன் கறுப்பை அவரே கேள்வி கேட்டவர் என்பதைப் பின்வருபவர்கள் கவனிக்க வேண்டும். கடைசி இருபது ஆண்டுகளில் தன் பழைய கொலைப் படங்களைப் பெரிதாகப் போட்டு, அவற்றின் முன் ஒரு பெண்ணையோ சிறுமியையோ நிற்கவைத்து மறுபடியும் எடுத்தார். பிணம் பின்னணியில் மங்கி, உயிருள்ள உடல் வெளிச்சத்துக்கு வரும் படங்கள் அவை. எல்லாமே வெற்றி பெற்றன என்று சொல்ல முடியாது; சிலவற்றில் யோசனை படத்தை முந்திக்கொண்டு நிற்கிறது.

இன்று இந்த வளாகத்துக்கு வரும் மாணவரின் கேமரா வண்ணத்தில்தான் பதிக்கிறது. கறுப்பு வெள்ளை பிறகு கணினியில் எடுக்கும் முடிவு. லெ கிரேயின் தகடும் ஆரஞ்சு ஃபில்டரும் இப்போது மென்பொருளில் உள்ள சிவப்பு, நீல அளவுகோல்கள். நீலத்தைக் குறைத்தால் சீசாவின் வானம் நடுப்பகலில் இரவாகும். இந்தச் சுலபமே பொறி. ஊரின் புகழுக்கு ஏற்ப எல்லாப் படத்தையும் கறுப்பாக்கிவிட்டால் மீன் சந்தையும் கொலைக்களம் போலத் தெரியும். ஃபிளாஷும் செய்தித்தாளும் திணித்த கறுப்பை, அந்தக் காரணங்கள் இல்லாத காலத்தில், அலங்காரமாகப் போட்டுக்கொள்வது அது. நிழலில் விவரம் இருக்கிறதா, வெள்ளையில் வெந்துபோன இடம் எவ்வளவு என்பதை ஹிஸ்டோகிராம் வரைபடம் உடனே காட்டிவிடும். அந்த விவரம் வேண்டுமா என்பதை அது சொல்லாது.

கைப்பேசிகளோ மறுமுனைக்குப் போய்விட்டன. ஒரே சொடுக்கில் வெவ்வேறு எக்ஸ்போஷர்களில் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கி, வாசலுக்கு வெளியே உள்ள தோட்டத்தையும் உள்ளே உள்ள மாடத்தையும் ஒரே வெளிச்சத்தில் காட்டிவிடும். 500 மடங்கு வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துபோகும். கூடத்தின் அமைப்பை விளக்கும் தகவல் படத்துக்கு அது போதும். கண்ணுக்கு இதமான இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும் என்று 850 ஆண்டுகளுக்கு முன் கட்டியவர்கள் செய்த வேலை அந்தப் படத்தில் இருக்காது. நீரூற்றுக் கூடத்தை நீரூற்றுக் கூடமாகவே எடுக்க விரும்பும் மாணவர் முதலில் அந்த வசதியை அணைத்து, எக்ஸ்போஷரைத் தானே குறைத்து, மாடத்தின் மேல்வரிசைக் குழிவுகளில் எத்தனை கறுப்பில் மறையலாம் என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது.